5, 7, 11: கல்வா நிறுவாமல் விட்டுச் சென்ற மூன்று எண்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டீயோடு உட்கார்ந்து வாசியுங்கள். கணிதம் படிக்காதவர்களும் வாசிக்கலாம். பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

சில வருடங்களுக்கு முன் தரம் 11 தவணைப் பரீட்சை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அடுத்தடுத்த இரண்டு நேர் முழுவெண்களின் பெருக்கம் 182, அவ்வெண்களைக் காண்க என்று ஒரு கேள்வி. இருபடிச் சமன்பாடு அமைத்து, காரணிப்படுத்தி, விடை எடுக்க வேண்டும். 6 புள்ளிகள். ஒரு பையன் "13, 14" என்று மட்டும் எழுதியிருந்தான். வேறு ஒரு எழுத்தும் இல்லை. நான் 1 புள்ளி போட்டு, சிவப்புப் பேனையால் "செய்கை எங்கே?" என்று எழுதினேன். பக்கத்து மேசையைப் பார்த்திருப்பான் என்று மனதில் பட்டது. தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது வகுப்பு முன்னாலேயே அதைச் சொல்லியும் விட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை.

சாதாரண தரத்துக்குப் பிறகு அவன் படிப்பைத் தொடரவில்லை. போன மாதம் டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் கண்டேன். பில் போட்டுக்கொண்டிருந்தான். கதையோடு கதையாக அந்தக் கேள்வியை நானே ஞாபகப்படுத்தினேன். எனக்கு முன்பே அவனுக்கு ஞாபகம் இருந்தது.

"சேர், 13ட வர்க்கம் 169. 14ட வர்க்கம் 196. 182 ரெண்டுக்கும் நடுவுலதானே? அப்ப வேற எது வரும்?"

வீட்டுக்கு வந்து கொப்பியில் எழுதிப் பார்த்தேன். அடுத்தடுத்த இரண்டு எண்களைப் பெருக்கினால் வரும் விடை, சின்ன எண்ணின் வர்க்கத்தைவிடக் கூடவும் பெரிய எண்ணின் வர்க்கத்தைவிடக் குறையவும்தான் இருக்கும். ஆகவே 13, 14 தவிர வேறு சோடி இருக்கவே முடியாது. 13 × 14 உம் 182 தான். அவன் சொன்னது முழுமையான ஒரு நிறுவல். நான் சொல்லிக் கொடுத்த வழியைவிடச் சுருக்கமானது.

அன்றிரவு எனக்கு எவாரிஸ்ட் கல்வா என்ற பிரெஞ்சு இளைஞரின் ஞாபகம் வந்தது. அவரும் ஒருநாள் செய்கை எழுதாமல் மூன்று எண்களை மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போனார். 5, 7, 11. அந்த மூன்று எண்களின் கதைதான் இந்தப் பதிவு.

*

"அல்ஜிப்ரா நம்மவர்கள் தந்தது" என்று ஒரு பதிவு அடிக்கடி நம் குழுமங்களில் சுற்றும். உண்மைதான். 9 ஆம் நூற்றாண்டில் பக்தாத்தில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பில் உள்ள 'அல்-ஜப்ர்' என்ற சொல்தான் அல்ஜிப்ரா ஆனது. நாம் பாடசாலையில் அட்சரகணிதம் என்கிறோம். அவர் இருபடிச் சமன்பாடுகளை வகைப்படுத்தித் தீர்த்தார். உமர் கையாம் (1048–1131) முப்படிச் சமன்பாடுகளை, வளையிகள் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளைக் கொண்டு கேத்திரகணித முறையில் தீர்த்தார். பதிவு பெரும்பாலும் இத்தோடு முடிந்துவிடும். பிறகு என்ன நடந்தது என்று நாம் கேட்பதில்லை.

பிறகு நடந்தது இதுதான். 1545 இல் இத்தாலியின் கார்டானோ, முப்படிக்கும் நாற்படிக்கும் உரிய சூத்திரங்களை நூலாக வெளியிட்டார். 5 ஆம் படிக்குச் சூத்திரம் தேடி ஏறத்தாழ 280 வருடம் போனது. 1824 இல் நோர்வே நாட்டு இளைஞர் ஏபல், அப்படி ஒரு பொதுச் சூத்திரம் இருக்கவே முடியாது என்று காட்டினார். ஆனால் சில 5 ஆம் படிச் சமன்பாடுகளைத் தீர்க்க முடிகிறது. எதைத் தீர்க்கலாம், எதைத் தீர்க்க முடியாது? இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் கல்வா.

அவர் 1811 ஒக்டோபர் 25 இல் பாரிஸ் அருகே புர்-லா-ரென் என்ற ஊரில் பிறந்தார். 1829 இல் தந்தை தற்கொலை செய்துகொண்டார். புகழ்பெற்ற எக்கோல் பொலிடெக்னிக் நுழைவுப் பரீட்சையில் இரண்டு தடவை தோல்வி. விஞ்ஞான அக்கடமிக்கு அனுப்பிய கட்டுரை, அதைப் பொறுப்பேற்றிருந்த ஃபூரியே 1830 இல் இறந்ததும் காணாமல் போனது. மறுபடி எழுதிக் கொடுத்தார். 1831 ஜூலையில் புவாசோன் அறிக்கை கொடுத்தார். நியாயங்கள் போதுமான அளவு தெளிவாகவோ விரிவாகவோ இல்லை, எனவே சரியா பிழையா என்று தீர்மானிக்க முடியவில்லை, ஆசிரியர் முழு வேலையையும் வெளியிடும் வரை காத்திருக்கலாம் என்பது அதன் சாரம்.

புவாசோனை வில்லனாக்கி எழுதுவது வழமை. நானும் அப்படித்தான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அறிக்கையின் சாரத்தைப் பாருங்கள். அவர் "பிழை" என்று சொல்லவில்லை. "விளங்கவில்லை" என்றுதான் சொன்னார். நான் அந்தப் பையனுக்குச் செய்தது அதைவிட மோசம்.

கல்வா மன்னராட்சிக்கு எதிரானவர். சிறை சென்றார். வெளியே வந்த சில வாரங்களில் ஒரு துப்பாக்கிச் சண்டையில் மாட்டினார். 1832 மே 30 காலை சுடப்பட்டு, மறுநாள் இறந்தார். வயது 20. முந்திய இரவு, மே 29 இல், தன் நண்பர் ஒகுஸ்ட் ஷெவாலியேக்கு ஒரு கடிதம் எழுதினார். "ஒரே இரவில் ஒரு புதிய கணிதத்தையே எழுதினார்" என்று வாட்ஸ்அப்பில் வரும் கதை சரியில்லை. பெரும்பகுதியை அவர் முன்பே எழுதிவிட்டார். அந்த இரவில் செய்தது, கண்டுபிடித்தவற்றைச் சுருக்கிச் சொன்னதுதான். கடிதத்தின் முடிவில், ஜெர்மனியின் யாக்கோபியிடமோ கௌஸிடமோ இவற்றின் உண்மையைப் பற்றியல்ல, முக்கியத்துவத்தைப் பற்றிப் பகிரங்கமாக அபிப்பிராயம் கேட்கும்படி நண்பரை வேண்டினார். உண்மையில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அந்தக் கடிதத்தில்தான் 5, 7, 11 வருகின்றன.

*

இதை விளங்க, பிள்ளைகளின் லூடோ கட்டை ஒன்றை எடுங்கள். அது சரியாகப் பொருந்தும் ஒரு பெட்டியில் எத்தனை விதமாக வைக்கலாம்? எந்த முகமும் மேலே வரலாம், 6 வழி. மேல் முகம் தீர்மானமான பின் சுற்றித் திருப்ப 4 வழி. மொத்தம் 24 திருப்பங்கள். ஒரு திருப்பத்துக்குப் பின் இன்னொன்றைச் செய்தால் அதுவும் இந்த 24 இல் ஒன்று. எந்தத் திருப்பத்தையும் மீளச் செய்து பழைய நிலைக்கு வரலாம். இப்படி உள்ளவற்றைக் கணிதத்தில் 'கூட்டம்' என்கிறோம். இந்தியப் பாடநூல்களில் 'குலம்' என்பார்கள்.

அந்த 24 இல், மேல் முகத்தை அப்படியே வைத்திருக்கும் திருப்பங்கள் 4. அந்த நான்கும் தமக்குள்ளேயே ஒரு சிறிய கூட்டம். இதுதான் 'உபகூட்டம்'. கவனியுங்கள்: 6 முகங்கள், 24 ÷ 6 = 4. கூட்டம் சில பொருட்களை ஒன்றின் இடத்துக்கு மற்றதைக் கொண்டுபோய் மாற்றுகிறது என்றால், அதில் ஒரு பொருளை அசைக்காமல் விடும் உபகூட்டத்தின் அளவு, மொத்தத்தைப் பொருட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைக்கும். இந்த வகுத்தலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

உபகூட்டத்தின் அளவு எப்போதும் முழுக் கூட்டத்தின் அளவை மீதியின்றி வகுக்கும். ஆனால் மறுதலை சரியில்லை. வகுபடும் ஒவ்வோர் அளவுக்கும் ஓர் உபகூட்டம் இருக்க வேண்டும் என்றில்லை. நான்முகி என்ற, 4 முக்கோண முகங்கள் கொண்ட திண்மத்துக்கு 12 திருப்பங்கள். 12 ஐ 6 வகுக்கும். ஆனாலும் அதில் 6 உறுப்புள்ள உபகூட்டம் கிடையாது. ஆகவே ஒரு கூட்டத்தின் உள்ளே என்னென்ன இருக்கின்றன என்பதை வெறும் வகுத்தலால் அறிய முடியாது. உள்ளே இறங்கித் தேட வேண்டும்.

இனி கல்வா தேடிய கூட்டம். தரம் 11 இல் பிள்ளைகள் தாயங்களைப் பெருக்கப் படிக்கிறார்கள். அதே 2×2 தாயங்கள்தான். ஆனால் எண்கள் 0, 1, 2, 3, 4 மட்டும். விடை 5 ஐ எட்டினால் 5 ஆல் வகுத்து மீதியை எடுத்துக்கொள்ள வேண்டும், 5 மணி நேரக் கடிகாரம் போல. 3 × 2 = 6, அதாவது 1. 5 முதன்மை எண் என்பதால் இந்தச் சின்ன உலகில் 0 தவிர்ந்த எதனாலும் வகுக்கலாம். இதை முடிவுள்ள களம் என்கிறோம். முதன்மை எண்களோடு நில்லாமல் 4, 8, 9 உறுப்புகள் கொண்ட களங்களையும் அமைக்கும் வழியை 1830 இல் ஒரு கட்டுரையில் காட்டியவரும் கல்வாதான். இன்றும் அவை கல்வா களங்கள் என்றே அழைக்கப்படுகின்றன.

இந்தத் தாயங்களில், துணிகோவை 1 ஆக உள்ளவற்றை மட்டும் எடுங்கள். அதாவது ஒரு மூலைவிட்டத்தின் பெருக்கத்திலிருந்து மற்ற மூலைவிட்டத்தின் பெருக்கத்தைக் கழித்தால் 1 வர வேண்டும். ஒரு தாயத்தையும் அதன் எல்லாக் குறிகளையும் மாற்றிய தாயத்தையும் ஒன்றாகவே எண்ணுங்கள். எத்தனை கிடைக்கும்? முதன்மை எண்ணின் வர்க்கத்திலிருந்து 1 ஐக் கழித்து, அந்த முதன்மை எண்ணால் பெருக்கி, 2 ஆல் வகுக்க வேண்டும்.

5 க்கு: 5 × 24 ÷ 2 = 60
7 க்கு: 7 × 48 ÷ 2 = 168
11 க்கு: 11 × 120 ÷ 2 = 660
13 க்கு: 13 × 168 ÷ 2 = 1092

இந்தக் கூட்டம் இயல்பாகவே முதன்மை எண்ணைவிட ஒன்று கூடிய எண்ணிக்கையான பொருட்களை இடம் மாற்றும். 5 எனில் 6 பொருட்கள், 7 எனில் 8, 13 எனில் 14. கல்வாவின் கேள்வி: ஒன்றைக் குறைக்க முடியுமா? 5 க்கு 5 பொருட்கள், 7 க்கு 7 பொருட்கள் என்று? முடிந்தால், நீள்வளையச் சார்புகளில் வரும் ஒரு வகைச் சமன்பாட்டின் படியை ஒன்றால் குறைக்கலாம். அவர் எழுதிய விடை: 5, 7, 11 க்கு முடியும், அதற்கு மேல் எந்த முதன்மை எண்ணுக்கும் முடியாது. 2, 3 இரண்டும் மிகச் சிறியவை, அவற்றை விட்டுவிடுவோம்.

அந்தக் கடிதத்தில் அதற்கு நிறுவல் இல்லை. எழுத நேரம் இருக்கவில்லை.

*

கடிதம் அதே வருடம் ஒரு சஞ்சிகையில் அச்சானது. பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. தம்பி அல்ஃபிரெட்டும் நண்பர் ஷெவாலியேயும் காகிதங்களைப் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். 1846 இல், கல்வா இறந்து 14 வருடங்களின் பின், லியூவில் என்ற கணித அறிஞர் அவற்றை ஆராய்ந்து தன் சஞ்சிகையில் வெளியிட்டார். காகிதத்தைத் தூக்கி எறியாத மூன்று பேர் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

1870 இல் காமீய் ஜோர்டான், கூட்டங்களைப் பற்றிய தன் பெரிய நூலில் முதன்மை எண்களின் மீதிகளால் ஆன தாயக் கூட்டங்களை விரிவாக ஆராய்ந்தார். 1881 இல் ஃபீலிக்ஸ் கிளைனின் மாணவர் கீர்ஸ்டர், கல்வாவின் 2×2 கூட்டத்தின் எல்லா உபகூட்டங்களையும் முதன்மை எண்களுக்குப் பட்டியலிட்டார். அமெரிக்காவில் ஈ. எச். மூர், முடிவுள்ள களங்கள் யாவும் கல்வாவின் களங்களே என 1893 இல் காட்டினார். அவரிடம் படித்த டிக்சன், சிக்காகோ பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முதல் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1901 இல் அவர் எழுதிய நூல் ஜெர்மனியின் லைப்சிக்கில் அச்சானது. எந்த முடிவுள்ள களமாக இருந்தாலும் இந்த 2×2 கூட்டத்தின் உள்ளே இருக்கக்கூடிய உபகூட்டங்களின் முழுப் பட்டியல் அதில் இருக்கிறது. இன்றும் ஆராய்ச்சியாளர்கள் "டிக்சனின் பட்டியல்" என்றே சொல்கிறார்கள்.

அந்தப் பட்டியலில், முதன்மை எண்ணால் வகுபடாத அளவுள்ள உபகூட்டங்கள் இவை மட்டுமே:

ஒன்று, வட்டமாகச் சுற்றும் கூட்டங்களும், ஒழுங்கான பல்கோணியைச் சுற்றியும் புரட்டியும் வைக்கும் கூட்டங்களும். இவற்றின் அளவு முதன்மை எண்ணைவிட ஒன்றுக்கு மேல் கூடாது. 13 எனில் ஆகக்கூடியது 14.

இரண்டு, நான்முகியின் 12 திருப்பங்கள்.

மூன்று, சதுரமுகியின் 24 திருப்பங்கள். நம் லூடோ கட்டை.

நான்கு, இருபது முக்கோண முகங்கள் கொண்ட இருபதுமுகியின் 60 திருப்பங்கள்.

மீதிகளால் ஆன தாயங்களுக்குள் இந்தத் திண்மங்கள் எப்படி வந்தன? முதன்மை எண்ணால் வகுபடாத அளவுள்ள உபகூட்டம், நம் சாதாரண எண்களின் உலகில் திண்மங்களைத் திருப்பும் கூட்டங்கள் போலவே நடந்துகொள்கிறது. கிரேக்கர் காலத்திலிருந்து நாம் அறிந்த ஒழுங்கான திண்மங்கள் வேறு எதற்கும் அங்கு இடமளிப்பதில்லை.

இனிக் கல்வாவின் மூன்று எண்களை நீங்களே பாருங்கள். பொருட்களின் எண்ணிக்கை முதன்மை எண்ணுக்குச் சமமாக வேண்டுமானால், ஒரு பொருளை அசைக்காத உபகூட்டத்தின் அளவு, கூட்டத்தின் அளவை முதன்மை எண்ணால் வகுத்தால் வருவது. அதாவது வர்க்கத்திலிருந்து 1 ஐக் கழித்து 2 ஆல் வகுத்தது. அது முதன்மை எண்ணால் வகுபடாது. எனவே மேலுள்ள பட்டியலில் இருந்தே வர வேண்டும்.

முதல் வகையில் கிடைக்குமா? 5 க்கு 12 தேவை, சுற்றும் வகை 6 ஐத் தாண்டாது. 7 க்கு 24 தேவை, அது 8 ஐத் தாண்டாது. போகப் போக இடைவெளி கூடும். அந்த வழி அடைபட்டது.

மீதி 12, 24, 60 மட்டும்.

12 ஆனால், வர்க்கம் 25. முதன்மை எண் 5.
24 ஆனால், வர்க்கம் 49. முதன்மை எண் 7.
60 ஆனால், வர்க்கம் 121. முதன்மை எண் 11.

வேறு இல்லை. 13 க்கு 84 தேவை. 1092 ஐ 84 மீதியின்றி வகுக்கும். ஆனாலும் அப்படி ஓர் உபகூட்டம் இல்லை, ஏனெனில் இருபதுமுகியின் 60 க்கு மேல் பட்டியலில் ஒன்றும் இல்லை.

20 வயதுப் பையன் சொன்னது அப்படியே சரி. 12, 24, 60 என்ற மூன்று எண்களுக்கும் உரிய உபகூட்டங்கள் அந்தந்த இடத்தில் உண்மையிலேயே இருக்கின்றன. ஹாட்வெயார் கடைப் பையன் 169 க்கும் 196 க்கும் நடுவே 182 ஐப் பிடித்ததும் இதே பாணிதான். எல்லையைக் காட்டு, மீதி வழிகளை அடை, எஞ்சியதை எடு.

*

2×2 தாயங்களோடு கதை நிற்கவில்லை. 3×3, 4×4, இன்னும் பெரியவை, நீளத்தைக் காக்கும் தாயங்கள் என்று எத்தனையோ கூட்டங்கள். 1888 க்குப் பின் ஜெர்மனியின் கில்லிங்கும், 1894 இல் பிரான்ஸின் எலீ கார்டானும், சாதாரண எண்களின் உலகில் இவற்றின் அடிப்படை வகைகளை வரிசைப்படுத்தினார்கள். முடிவில்லாமல் நீளும் நான்கு குடும்பங்கள், எந்தக் குடும்பத்திலும் சேராத ஐந்து தனி வகைகள். ஐந்திலும் பெரியது ஈ-8.

அதே வகைகளை முடிவுள்ள களங்களின் மேலும் கட்டலாமா? டிக்சன் சிலவற்றைக் கட்டினார். எல்லாவற்றையும் ஒரே முறையில் கட்டும் வழியை 1955 இல் குளோட் ஷெவாலே ஜப்பானின் தொஹோக்கு கணித சஞ்சிகையில் வெளியிட்டார். கல்வாவின் நண்பர் ஷெவாலியே வேறு, இவர் வேறு. 1959 இல் ஸ்டைன்பர்க், சற்றுத் திருகிய புதிய குடும்பங்களைச் சேர்த்தார்.

இதே காலத்தில் போரெல் என்ற சுவிஸ் அறிஞர் 1956 இல் இக்கூட்டங்களை உள்ளிருந்து பார்க்கும் வழியைக் காட்டினார். மூலைவிட்டத்துக்குக் கீழே எல்லாம் 0 ஆக உள்ள மேல் முக்கோணத் தாயங்கள் ஓர் உபகூட்டம். அதற்குள்ளே, மூலைவிட்டம் முழுவதும் 1 ஆக உள்ளவை இன்னோர் உபகூட்டம். இந்தப் பின்னைய வகையைச் சேர்ந்த எதுவும், எப்பக்கமிருந்து பார்த்தாலும் மாறாத தொடர்ச்சியான ஒரு பகுதியாக முழுக் கூட்டத்துக்குள் ஒட்டிக்கொண்டிராவிட்டால், அந்தக் கூட்டத்தை 'ரிடக்டிவ்' என்கிறார்கள். நல்ல எலும்புக்கூடு உள்ள கூட்டங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கில்லிங், கார்டான் வரிசையில் உள்ளவை யாவும் இந்த வகை.

இவற்றை முடிவுள்ள களத்துக்குக் கொண்டுவரும் உத்தி அழகானது. முதலில் முடிவில்லாத ஒரு பெரிய கூட்டத்தை எடுப்பார்கள். அதில் ஒவ்வொரு தாயத்திலும் உள்ள எண்களைக் குறித்த ஒரு அடுக்குக்கு உயர்த்துவார்கள். அப்படி உயர்த்தியும் மாறாமல் நிற்கும் தாயங்கள்தான் நமக்கு வேண்டிய முடிவுள்ள கூட்டம். ஆகவே முடிவுள்ள கூட்டத்தின் உபகூட்டங்களைத் தேடுபவர், முதலில் பெரிய கூட்டத்தின் உபகூட்டங்களைத் தேடி, அவற்றில் மாறாமல் நிற்பதைப் பார்க்கிறார். 1956 இல் லாங் நிறுவிய ஒரு தேற்றம் இந்தப் பாலத்துக்குத் தூணாக இருக்கிறது.

1971 இல் போரெலும் டிட்ஸும் ஒரு பெரிய கதவைத் திறந்தார்கள். மேலே சொன்ன, மூலைவிட்டத்தில் 1 உள்ள வகையான பகுதி ஒன்றைத் தன்னுள் மாறாமல் வைத்திருக்கும் எந்த உபகூட்டமும், மேல் முக்கோணத்தைப் போன்ற அமைப்புள்ள, நன்கு தெரிந்த ஒரு பெரிய உபகூட்டத்துக்குள் அடங்கிவிடும் என்று காட்டினார்கள். 1984 இல் ஆஷ்பாகர், பெரிய தாயக் கூட்டங்களின் ஆகப்பெரிய உபகூட்டங்களை வகைப்படுத்தினார். எட்டு வகைகளுக்குத் தெளிவான காரணம் சொல்லலாம்: ஏதோ ஒரு வெளியை அசைக்காமல் வைத்திருப்பவை, வெளியைச் சம துண்டுகளாகப் பிரிப்பவை, சிறிய களத்தில் எழுதத்தக்கவை என்று. எட்டிலும் சேராதவை ஒன்பதாவது வகை. நம் இருபதுமுகியின் 60 இந்த ஒன்பதாவது வகைக்குப் பழைய உதாரணம். இதற்குப் பொதுப் பட்டியல் இல்லை. தாயத்தின் அளவு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தேட வேண்டும். 12 வரையான அளவுகளுக்கு முழு அட்டவணை 2013 இல்தான் நூலாக வந்தது. ஈ-8 முதலிய ஐந்து தனி வகைகளில் லீபெக்கும் சைட்ஸும் பல்லாண்டுகள் உழைத்தார்கள்.

டிக்சன் 2×2 க்குச் செய்ததை எல்லா அளவுகளுக்கும் செய்ய இன்னும் வேலை நடக்கிறது.

*

"சேர், இதால என்ன பயன்?" என்று யாராவது கேட்பீர்கள். 1972 இல் ஸேர் என்ற பிரெஞ்சு அறிஞர், நீள்வளைய வளையிகளைப் பற்றி ஒரு முக்கியமான தேற்றத்தை நிறுவினார். கல்வாவின் கேள்வி எழுந்த அதே துறை. அதில் ஒரு கூட்டம் 2×2 தாயக் கூட்டம் முழுவதையும் நிரப்புகிறது என்று காட்ட வேண்டும். எப்படிக் காட்டுவது? டிக்சனின் பட்டியலில் உள்ள சிறிய உபகூட்டங்களை ஒவ்வொன்றாக "இது இல்லை, இது இல்லை" என்று விலக்கினார். 1995 இல் வைல்ஸ் வெளியிட்ட, பேர்மாவின் இறுதித் தேற்றத்துக்கான நிறுவலிலும் 3 இன் மீதிகளால் ஆன 2×2 தாயக் கூட்டம் வருகிறது. அதில் 48 உறுப்புகள்தான். அது சிறியதாகவும் படிப்படியாகப் பிரிக்கத்தக்கதாகவும் இருப்பது அந்த நிறுவலுக்கு இன்றியமையாதது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் "செய்கை வேண்டாம்" என்று எடுத்துக்கொள்வார்கள். முடிவுள்ள எளிய கூட்டங்கள் எல்லாவற்றையும் வகைப்படுத்திவிட்டோம் என்று 1980 களின் தொடக்கத்தில் அறிவித்தார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை நான் மேலே சொன்ன ஷெவாலே வழிக் கூட்டங்கள். ஆனால் நிறுவலின் ஒரு பகுதி முழுமையாக எழுதி வெளியிடப்படவில்லை என்பது பின்னர் தெரிந்தது. துறையில் இருந்தவர்கள் முடிந்தது என்றே நினைத்திருந்தார்கள். அதே ஆஷ்பாகரும் ஸ்மித்தும் 2004 இல் 1200 பக்கங்களுக்கு மேல் எழுதி அந்த இடைவெளியை மூடினார்கள். எழுதாதது, தெரிந்தவர்கள் போனதும் அவர்களோடு போய்விடும். அதனால்தான் செய்கை கேட்கிறோம்.

ஆக, பிள்ளை எழுத வேண்டும். ஆசிரியர் கேட்கவும் வேண்டும். நான் முதலாவதை மட்டும் எதிர்பார்த்தேன். "செய்கை எங்கே?" என்று தாளில் எழுதியதற்குப் பதில் "எப்படி எடுத்தாய் மகன்?" என்று வாயால் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் அவன் சொல்லியிருப்பான். நான் அதைக் கரும்பலகையில் எழுதி, இதுவும் ஒரு வழி என்று வகுப்புக்குக் காட்டியிருப்பேன்.

போன வெள்ளி மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். "அன்றைக்கு உனக்கு 6 புள்ளியும் வந்திருக்க வேணும்" என்றேன். "இப்ப என்ன சேர், பழைய கதை" என்றான். கொஞ்சம் கழித்து, "ஆனா நான் பாத்து எழுதல்ல சேர்" என்றான். இத்தனை வருடம் அது மனதில் இருந்திருக்கிறது.

வகுப்பு முன்னால் சொன்ன பிழையை வகுப்பு முன்னால்தான் திருத்த வேண்டும். அந்த வகுப்பு இன்று கலைந்துவிட்டது. கொழும்பு, கத்தார், சவூதி என்று போய்விட்டார்கள். அவர்களில் பலர் என் முகநூலில் இருக்கிறார்கள். பெயர் போட வேண்டாம் என்று அவன் சொன்னதால் பெயர் இல்லை. உங்களுக்கு யாரென்று தெரியும். அவன் பார்த்து எழுதவில்லை. சரியாகக் கணக்குப் பார்த்திருந்தான். பிழை என்னுடையது.

பெற்றோர்களே, இன்றிரவு பிள்ளைக்கு 17 ஐக் கொடுங்கள். 17 இன் வர்க்கத்தில் 1 ஐக் கழித்து 2 ஆல் வகுத்தால் என்ன வரும்? அது 12, 24, 60 இல் ஒன்றா? விடையை மட்டும் சொன்னால் கோபிக்காமல், எப்படி எடுத்தாய் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னது என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் வாசிப்பேன்.